நட்சத்திரம் போட்ட பெயர்கள்

18.7.1987 – ரூ. 470
2.12.1992 – ரூ. 430
26.4.1999 – ரூ. 1,900
9.8.2006 – ரூ. 3,100
14.5.2013 – ரூ. 2,400
11.1.2024 – ரூ. 1,700

இவை தசரதனின் பதிவேட்டிலிருந்து எடுத்த சில வரிகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியில், இரண்டாம் ஷிப்டைச் சேர்ந்த நாற்பத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு, பிணம் எடுப்பதற்குள் அந்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அந்தச் சங்கத்துக்கு வேறு வேலை கிடையாது. பத்து ரூபாய் பிற்பாடு ஐம்பதாகி, நூறாயிற்று. தொகை ஏறியதெல்லாம் அதனால்தான். தலைகள் என்னவோ குறைந்துகொண்டேதான் வந்தன.

கம்பெனி 2001-ல் மூடப்பட்டது. சங்கம் மூடப்படவில்லை. செயலாளர் தசரதன், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டிலிருந்தே அதை நடத்தினார்.

கம்பெனியில் அவர் வேலை, ஓடும் விசிறியில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று இறக்கைகளில் ஒன்று இம்மி கனத்தாலும் விசிறி தலையாட்டும். ஆட்டம் நிற்கும்வரை சின்னஞ்சிறு ஈயத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருப்பார். இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் உத்தரத்துக்குத்தான் போகும்.

2024 ஜனவரியில் நடந்தது அவரை உலுக்கிவிட்டது. கரையான்சாவடியில் ஒருவர் இறந்த செய்தி இவருக்கே மறுநாள்தான் தெரிந்தது. காது மந்தம், ஒரு கண்ணில் புரை. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்லி, பணம் சேர்த்துக் கொண்டுபோனபோது அந்த வீட்டில் பால் தெளித்து முடித்திருந்தார்கள். முப்பத்தேழு வருடத்தில் முதல் முறையாகப் பணம் பிணத்துக்குப் பிந்திப் போனது.

சங்கத் தலைவர் தங்கராஜ் அன்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"போதும் மச்சான். உனுக்குக் காது கேக்கல, எனுக்கு முட்டி மடங்கல. இன்னும் எத்தினி நாளு இத்தத் தூக்கிகினு அலையறது? மூடிடலாம்."

 மூடுவதில் தசரதனுக்கு இஷ்டமில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை. விதி ஏழு மட்டும் இருந்தது: எல்லா உறுப்பினரும் சம்மதம் தெரிவித்தால்தான் சங்கத்தை மூடலாம்.

வானகரம் ஃபிளாட்டில் இருக்கும் மருமகள் சுரேகா ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது மாமனாரின் போனில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

"சம்மதம் வாங்க நீங்க ஏன் மாமா அலையணும்? என்ன வேணும்னு இதுகிட்டத் தமிழ்லயே சொல்லுங்க. அதுவே ஒரு ஆப் செஞ்சு குடுத்துடும். ஆபீஸ்ல நாங்களே இப்ப பாதி வேலைய இப்படித்தான் முடிக்கிறோம்."

தசரதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்து, கம்பெனி நிர்வாகத்துக்கு மனு எழுதும் குரலில் ஆரம்பித்தார்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் சங்கமானது..."

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த மனைவி அன்னம்மாள் சிரித்துவிட்டாள். "மெசினுக்கு இன்னாய்யா ஐயா? ரேசன் கடையில வெயிட் போடுது பாரு, அத்தயும் ஐயான்னு கூப்புடு."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லா உறுப்பினருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போக வேண்டும். சம்மதமானால் ஒன்று என்று அழுத்தி அனுப்ப வேண்டும். போன் இல்லாதவர்களுக்குக் கடிதம் போட்டு, பதில் வந்ததும் தாமே குறித்துக்கொள்ள இடம் வேண்டும். எல்லாருடைய சம்மதமும் வந்து சேர்ந்த பிறகே மூடுவதற்கான பொத்தான் கண்ணில் பட வேண்டும். மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னார். உறுப்பினர்கள் யார் யார் என்று அது கேட்டது. பெயரும் முகவரியும் போன் எண்ணும் எழுதியிருந்த பதிவேட்டின் பக்கங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். தோசை மாவு கரைக்கும் நேரத்துக்குள் எல்லாம் தயாராகித் திரையில் நின்றது. தசரதனுக்கு ஆச்சரியம் தாளவில்லை. பொத்தானை அழுத்தினார். செய்தி போயிற்று.

பத்து நாளில் பதினேழு சம்மதம் வந்தது. முதல் சம்மதம் தங்கராஜுடையது. உயிரோடு இருப்பவர்கள் அந்தப் பதினேழு பேர்தான். ஆனால் மூடும் பொத்தான் வரவில்லை. 'இன்னும் 31 பேர் பதில் தர வேண்டும்' என்று திரை சொன்னது.

சுரேகா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தசரதன் யார் பெயரையும் அடித்ததே இல்லை. கம்பெனியில் வருகைப் பதிவில் பெயரை அடித்தால் ஆளை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள் என்று பொருள். 'இவங்களை யாரு டிஸ்மிஸ் பண்ணது, நான் அடிக்கிறதுக்கு?' என்பது அவர் கட்சி. இறந்தவர் பெயர் ஓரத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் மட்டும் போடுவார். இத்தனை வருடமாகச் சங்கத்தில் எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். போனிலிருந்த அதற்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது நாற்பத்தெட்டுப் பேரையும் எண்ணிக்கொண்டது.

தங்கராஜ் போனில் கத்தியது அடுக்களைவரை கேட்டது.

"இன்னா மாமே, செத்தவன்கிட்ட சம்மதம் கேட்டுகினு கீறே? எமலோகத்துக்கு 'ஒன்னு அமுக்கு'ன்னு அனுப்பிச்சியா?"

"ஒரே ஒரு வரி சொன்னாப் போதும் மாமா," என்றாள் சுரேகா. "நட்சத்திரம் போட்டவங்களை விட்டுடுன்னு சொல்லுங்க. பொத்தான் வந்துடும்."

தசரதன் போனை எடுத்தார். "நட்சத்திரம் போட்டவர்களை..." என்று ஆரம்பித்தார். அதே சமயம் போன் அடித்தது. திரையில் அப்பாவு என்று பெயர் வந்தது. அப்பாவு போய்ப் பதினோரு வருடமாகிறது. தசரதன் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"மாமா, நான் கனிமொழி. அப்பாவோட நம்பரை நான்தான் வச்சிக்கினுகிறேன். வெளியூர் போயிருந்தேன், இப்பதான் பாத்தேன். அப்பா பேரைப் போட்டு மெசேஜ் வந்து எத்தினி வருசமாச்சு தெரியுமா? அம்மா அத்தயே திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்லுது." பிறகு கேட்டாள்: "அப்பாவுக்குப் பதிலா நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

போனை வைத்த பிறகு தசரதன், முன்பு ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வேறொரு வாக்கியம் சொன்னார்.

"நட்சத்திரம் போட்டவர்களுக்குக் குடும்பத்தார் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளவும்."

அதன் பிறகான மாதங்களில் அவரை வீட்டில் பார்ப்பதே அரிதாயிற்று. எண் மாறியவர்கள், போனே இல்லாத காலத்தில் போனவர்கள் என்று வீடு வீடாகத் தேடினார். ஆவடியில் ஒரு வீடு, பட்டரவாக்கம் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு வீடு, பூந்தமல்லியில் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிய இடத்தில் மூன்றாம் மாடி. ஒரு எண் டைல்ஸ் ஒட்டும் ராகேஷ் என்ற வடநாட்டுப் பையனிடம் போயிருந்தது. தமிழ் தெரியாத அவன், நமக்கேன் வம்பு என்று பின்னால் ஒருநாள் ஒன்றை அழுத்திவிட்டிருந்தான். தசரதன் அந்தச் சம்மதத்தை ரத்து செய்யச் சொல்லித் தனியாக ஒரு மனு கொடுத்தார், போனிலிருந்த அந்த ஐயாவுக்குத்தான்.

போன இடத்திலெல்லாம் காப்பி வந்தது. காப்பியோடு பேச்சும் வந்தது. இரண்டாம் ஷிப்ட் விடும்போது சங்கு ஊதுவதற்குள் சைக்கிளில் ஏறியிருப்பவன் யார், கேன்டீன் போண்டாவை விசிறிப் பெட்டியில் ஒளித்துவைத்து, அது பேக்கிங் ஆகி ஊர் போய்ச் சேர்ந்த கதை, ஆயுத பூஜைக்கு எல்லா விசிறியையும் ஒன்றாக ஓடவிட்டுப் பொரி பறந்தது. ஒரு வீட்டு அம்மாள் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் காட்டினாள். 1992-ல் தசரதன் கையால் கொடுத்த உறை. பணம் அன்றைக்கே செலவாகிவிட்டது. உறையை மட்டும் கசங்காமல் வைத்திருந்தாள்.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் தங்கராஜ் நின்றுகொண்டிருந்தார்.

"முட்டி மடங்கலன்னியே?" என்றார் தசரதன்.

"மடங்கலதான். நீ ஒண்டியா போயி அவனுங்க கதையெல்லாம் தப்புத் தப்பா சொல்லிகினு வருவே. நான் வரேன்."

யாரும் மறுக்கவில்லை. மூடுங்க, எங்களையும் ஒரு வார்த்தை கேட்டதே போதும் என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னார்கள். திரையில் முப்பத்தொன்று இருபதாகி, ஐந்தாகி, ஒன்றாயிற்று.

அந்த ஒருவர் ராமன். முதல் நட்சத்திரம். இருபத்துநான்கு வயதில், கொரட்டூரில் வாடகை அறையில் காமாலையால் இறந்துபோன பிரம்மச்சாரி. வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமம். 470 ரூபாயை ஊருக்குப் போகும் வண்டியிலேயே, உடலோடு அனுப்பினார்கள். பதிவேட்டில் முகவரி மட்டும்தான் இருந்தது. தசரதன் மூன்று கடிதம் போட்டார். இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது திரும்பவில்லை. பதிலும் வரவில்லை.

"ஒருத்தன்தானே," என்றார் தங்கராஜ் ஒருநாள், ஏரிக்கரை பூங்காவில். பிறகு அவரே, "வர்ரப்ப வரட்டும். இன்னா அவசரம்?" என்றார்.

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ராமனின் தங்கை வரலட்சுமி எழுதியிருந்தாள். வீடு மாறிப் போனதால் கடிதம் கை மாறிக் கை மாறி வந்ததாம். 'அண்ணன் பெயரை அந்த மாதமே ரேஷன் கார்டில் நீக்கிவிட்டார்கள். அம்மா பார்த்துப் பார்த்து அழுவாள். உங்கள் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். சங்கத்தை மூடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பெயரை அடிக்க வேண்டாம்.'

தசரதன் உரக்கப் படித்தார். அன்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ராமன் பெயருக்கு எதிரே அவர் குறித்ததும் பொத்தான் வந்து நின்றது, அவர் சொன்னபடியே.

தங்கராஜ் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னும் ஒரு வாரம் போவட்டுமே மச்சான். பொங்கல் வரிக்கும்கூட இருக்கட்டும். அது இன்னா சோறா கேக்குது?"

"நீதானே மூடணும்னே."

"அப்ப சொன்னேன்."

"எல்லாரும் சொல்லிட்டாங்க. ராமனும் சொல்லிட்டான்," என்றார் தசரதன். "விதி ஏழு."

பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேலே விசிறி ஆட்டமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பதிவேட்டைத் திறந்து, நாற்பத்தெட்டுப் பெயர்களையும் ஒருமுறை மேலிருந்து கீழே விரலால் தொட்டுப் படித்து, கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினார். அங்கே சங்கம் மூடிய தேதி என்றுதான் எழுத வேண்டும். அவர் இப்படி எழுதினார்:

ராமன் வீட்டுக் கடிதம் வந்து சேர்ந்தது – 22.8.2025.