சூப்பர் ஹீரோவின் முதுகில் முப்பத்தொரு ஊக்குகள்

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உலகத்தைக் காப்பாற்ற வந்த ஒரு மனிதனின் முதுகில் நான் ஏன் ஊக்கு குத்தினேன் என்று யாருக்கும் புரியாது.

என் கணவர் புனேயில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே ஆயுத பூஜையன்று மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டால் மறுநாள் காலை வரை ஒருவரும் தொடக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு லேத் இல்லை, என் தையல் மெஷின்தான் இருக்கிறது. அந்தப் பக்தி மொத்தமும் அதன் மேல் இறங்கியது. ஒரு வருடம் டிவி ரிமோட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கிரிக்கெட் பார்க்க முடியாமல் அவரே நாள் முழுக்கத் தவித்தார். ஆனாலும் ரிமோட்டைத் தொடவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. தொழிற்சாலையில் தினமும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். "ஹாஜிர்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஆப்சென்ட். இன்றைக்கும் வங்கியில் பெயர் கூப்பிட்டால் எழுந்து விறைப்பாக நின்று அப்படித்தான் கத்துவார். ஒருமுறை பல் டாக்டரிடம், வாயில் பஞ்சு இருக்கும்போதே கத்தினார்.

நான் புனேயின் எரவாடா பகுதியில் ரவிக்கை தைப்பவள். சேலைக்கு ஃபால் அடிப்பது, பள்ளிக்கூட யூனிஃபார்ம், கல்யாண சீசனில் லெஹங்கா, இவ்வளவுதான் என் ராஜ்யம். நான் தைத்ததைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் மேடை ஏறியிருக்கிறார்கள். யார் தைத்தது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அப்படி இருக்கையில்தான் ஒரு காமிக்ஸ் புத்தகத்தை ஹிந்தியில் படமாக எடுக்க ஒரு கூட்டம் புனேவுக்கு வந்தது. உடைகளுக்குப் பொறுப்பான மேடம் மும்பைக்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். இழுத்தால் நீளும் வழுக்குத் துணியைத் தைக்க ஆள் தேடி, துணிக்கடைக்காரர் சொல்லி, என் வாசலுக்கு வந்தாள். கதாநாயகனின் நீலச் சட்டைக்கு உள்ளே பஞ்சு வைத்து மார்பும், வயிற்றில் ஆறு மேடும் தைக்க வேண்டும். புத்தகத்தில் அவனுக்கு உடம்பே அப்படித்தான். இங்கே கதாநாயகனுக்கு இருந்தது ஒரே மேடு, அதுவும் வடா பாவால் வளர்ந்துகொண்டே போனது. முன்பக்கம் நான் ஆறு மேடு தைக்க, அவர் பின்பக்கத் தையலைப் பிய்த்துக்கொண்டு வந்தார். வாரம் ஒருமுறை முதுகைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுப்பதே என் வேலையாகிவிட்டது.

சட்டை மொத்தம் மூன்று. ஒன்று வெடிச் சண்டையில் கருகியது. இன்னொன்றைத் துவைத்தார்கள், அது குழந்தை அளவுக்குச் சுருங்கியது. மிஞ்சியது ஒன்று. அதை என்னிடம் கொடுத்து மேடம் சொன்னாள், "ஆண்ட்டி, கடைசி நாள் வரைக்கும் இது தாங்கிட்டா, படத்துல உங்க பேரு வரும்."

என் பெயர், திரையில்! வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம் மட்டும் சொன்னேன். "வரட்டும் பாக்கலாம்" என்றார். ஆனால் அன்று முதல் எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவதை அவரே எடுத்துக்கொண்டார்.

தசராவுக்கு மறுநாள்தான் அடுத்த படப்பிடிப்பு. அதனால் ஆயுத பூஜைக்கு முந்தின மாலை முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை நிதானமாகப் பிரித்து வைத்தேன். காலையில் தைத்துவிட்டால் முடிந்தது. விடிந்ததும் சாமந்திப்பூ வாங்கப் போனேன். மண்டையில் ஏதாவது இருந்திருந்தால் அவரை அனுப்பியிருப்பேன்.

திரும்பி வந்தால் பூஜையே முடிந்திருந்தது. நல்ல நேரம் போய்விடும் என்று கையில் இருந்த பூவை வைத்தே முடித்துவிட்டாராம். தையல் மெஷின், கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, நூல்கண்டு, ஸ்பானர் எல்லாம் பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் நாற்காலி. நாற்காலியில் நீலச் சட்டை. அதன் மார்பில், நான் ஒரு வாரம் பாடுபட்டுத் தைத்த மின்னல் சின்னத்தின் நட்டநடுவில், எலுமிச்சை அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அப்போதுதான் போன் அடித்தது. மேடம். கடக்வாஸ்லா அணைத் தண்ணீர் பக்கம் படம் எடுக்க இன்றைக்கு மட்டும்தான் அனுமதி கிடைத்திருக்கிறதாம், வண்டி கிளம்பிவிட்டதாம்.

"என்னங்க, மெஷினை விடுங்க. பத்து நிமிஷ வேலை."

"நாளைக்கு."

"படப்பிடிப்பு இன்னிக்கு!"

"பூஜையில வச்சதை எடுத்தா தொழிலுக்கு ஆகாது. நீ கத்தினாலும் ஆகாது."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்பானரை எடுத்திருப்பேன், அதற்கும் பொட்டு இருந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டேன், "உங்க பேக்டரியில செஞ்ச குண்டுக்குப் பொட்டு வைப்பீங்களா?"

"மெஷினுக்குத்தான் வைப்போம். குண்டு சரக்கு. சரக்கு அது பாட்டுக்கு லாரியில போகும்."

"அப்போ இந்தச் சட்டை மெஷினா, சரக்கா?"

அவர் சட்டையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "சரக்கு" என்றார். சூடத் தட்டை ஒருமுறை காட்டி, சட்டையை அவரே மடித்து என் கையில் கொடுத்தார். மெஷினையும் ஊசியையும் மட்டும் விடவில்லை. நானும் அவரோடு பேசுவதை அந்த நிமிடமே நிறுத்தினேன்.

வீட்டு ஊசிக்கு வழியில்லை, இரவல் ஊசியால் முதுகு முழுக்கத் தைக்க நேரமில்லை. ஊக்குக்கு வழி உண்டு. என் தாலிக் கொடியில் ஏழு ஊக்கு தொங்கியது, வளையலில் நாலு. மீதியைப் பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமியும் எதிர்வீட்டுப் பெண்களும் கழுத்திலிருந்தும் முந்தானையிலிருந்தும் கழற்றிக் கொடுத்தார்கள். மொத்தம் முப்பத்தொன்று. வண்டி குலுங்கக் குலுங்க, என் விரலிலும் சட்டையிலுமாக மாறி மாறிக் குத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மேடம் மார்பைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள். "யே க்யா ஹை, ஆண்ட்டி? என்ன இது?" ஈரத்துணியால் தேய்த்தோம். சந்தனம் போனது. குங்குமம் இன்னும் அழகாகப் பரவியது. என் பெயர் போயே போய்விட்டது என்று முடிவு செய்து நின்றபோது கதாநாயகன் வந்தார். பூஜைக் குங்குமமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதை யாரும் துடைக்கக் கூடாது. இந்தப் படம் ஆரம்பிச்சதிலிருந்து எனக்கு நடந்த முதல் நல்ல காரியம் இதுதான்" என்றார்.

அன்றைய காட்சியில் அவர் தண்ணீருக்கு மேலே பறக்க வேண்டும், வில்லன் அவர் முதுகில் சுட வேண்டும். கயிறு உள்ளே கட்டிய பெல்ட்டில்தான் இருந்தது, அதனால் உயிருக்கு ஆபத்தில்லை, மானத்துக்குத்தான். மேடம் டைரக்டரிடம் கெஞ்சிக் கேமராவை முன்பக்கமே வைக்கச் செய்தாள். தூக்கினார்கள். கையை நீட்டிப் பறந்தார். வில்லன் சுட்டான். சுட்ட அதே நொடியில் இடுப்புப் பக்கத்து ஊக்கு ஒன்று திறந்துகொண்டது.

அப்படி ஓர் அலறலை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. டைரக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். கீழே இறக்கியதும் கட்டிப்பிடித்து, வலியை இத்தனை உண்மையாக நடிக்க நாட்டிலேயே ஆள் இல்லை என்றார். கதாநாயகன் இடுப்பைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் அணையைப் பார்த்தேன். அவர் காட்டிக் கொடுக்கவில்லை, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். அதற்குப் பிறகு படப்பிடிப்பு முடியும்வரை அந்த மார்புக்கு அதே இடத்தில் பொட்டு வைப்பது என் வேலை.

கடைசி நாளில் மேடம் ஒரு தாளை நீட்டி முழுப்பெயரை எழுதச் சொன்னாள். இந்த ஊரில் எந்தத் தாளிலும் பெண்ணின் பெயருக்கு அடுத்துப் புருஷன் பெயர் வர வேண்டும். ரேஷன் கார்டு, கரண்ட் பில், எல்லாவற்றிலும் எனக்கு அடுத்து அவர்தான் நிற்கிறார். அந்த ஆயுத பூஜைக் கோபம் எனக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை. என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. நாளாக ஆக நெஞ்சில் உறுத்தியது, அப்போதும் சொல்லவில்லை.

படம் வந்தது. போனோம். பொட்டு தெரிந்தபோதெல்லாம் அவர் என் விலாவில் இடித்தார். எனக்கு விலா வலித்தது. முடிந்ததும் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. இந்த மாதிரிப் படங்களில் பெயரெல்லாம் முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வருமாம், அதனால் அரங்கத்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. என் பெயர், தனியாக, பக்கத்தில் யாரும் இல்லாமல். இரண்டு வினாடி இருக்கும். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. திரும்பினால் அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து நின்றார். போச்சு, கோபித்துக்கொண்டு வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஹாஜிர்!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"உங்க பேருதான் அதுல இல்லையே. நீங்க எதுக்குக் கத்துறீங்க?"

"உன் பேரைக் கூப்புட்டாங்க. நீ அழுதுட்டு இருந்த" என்றார். "ஆப்சென்ட் போட்டுட்டா?"