அரசாங்கப் புத்தகத்தைத் திருத்தியவன்

கண்டியில் என் புத்தகக் கடைக்கு வரும் ஆசிரியர்கள், இரண்டு வாரமாகப் புதிய பாடத்திட்டத்தைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள். இன்றும் அதே சண்டை. நடுவே ஒரு புத்தகக் கட்டைப் பிரித்தேன். பசை வாசம் மூக்கில் ஏறியதும் நான் படித்த கலஹா தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

தகரக் கூரைக்குக் கீழே ஒரே அறையில் ஐந்து வகுப்பு. அப்போதும் பாடத்திட்டம் மாறிப் புதுப் புத்தகம் வந்திருந்தது. அதில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம், கூடையோ இடுப்பில்!

"படம் பிழை சார்" என்றேன்.

"அரசாங்கப் புத்தகம் பிழையாடா?" என்று முட்டி போட வைத்தார் சார். புத்தகம் சரி என்று சொன்னால் எழும்பலாமாம். நான் சொல்லவே இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு, மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்தாள் அம்மா. கயிறு உச்சந்தலையில், கூடை முதுகில். ஈரக் கொழுந்து வாசலெல்லாம் மணத்தது.

"இடுப்புல கூடைய வச்சா ரெண்டு கையாலயும் எப்படிங்க சார் பறிக்கிறது? இந்தப் பொம்பளைய கங்காணி அன்னைக்கே வெரட்டிருப்பாரு!"

சார் சிரித்துவிட்டார். தன் சிவப்புப் பேனையை என்னிடம் நீட்டி, "நீயே திருத்துடா, பெரிய மனுசா" என்றார். இடுப்புக் கூடையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, முதுகில் ஒன்று வரைந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இன்று இந்த ஊரில் என் கடைக்கு வராத வாத்தியார் இல்லை.

"முதலாளி, பாடத்திட்டத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் சீண்டினார்.

"நீங்க இப்பதானே சார் பேசுறீங்க. நான் எட்டு வயசுலயே திருத்தினவன்!"