கல்லறைக்குப் போகிறவர்கள்

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வர வேண்டிய மகளின் போன் வரவில்லை. இங்கிலாந்தில் தனியாக அறையெடுத்துப் படிக்கிறாள். இரண்டு நாளாக மெயிலும் இல்லை.

தல்லாகுளம் பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் இருந்தவர் வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர். வெளிநாடுவாழ் ஆங்கிலேயர்களுக்கான இணையதளத்தில், இங்கிலாந்தில் இருப்பவர்களிடம் தன் தாத்தா கல்லறையைப் பார்த்துவரச் சொல்லி எழுதுவது அவர் வழக்கம்.

மகள் பேசாததைச் சொன்னேன். "மக அட்ரஸ் குடுங்கண்ணே" என்றார்.

"கல்லறைக்குப் போறவங்களையா அனுப்புவீங்க?"

"அவங்கதாண்ணே சொன்ன ஒடனே கெளம்புவாங்க."

மறுநாள் மகள் பேசினாள்.

"காய்ச்சல்ப்பா, எந்திரிக்கவே முடியல. ஒரு வெள்ளைக்காரம்மா வந்து கதவத் தட்டுனாங்க. 'மதுரையில உங்கப்பா சாப்பிடலையாம், முதல்ல பேசு'ன்னு அவங்க போனக் குடுத்தாங்க."

சாப்பிடாததை நான் அவரிடம் சொல்லவே இல்லை.