மடியில் இருந்த ஐஸ் பெட்டி

கூலன்ட் ஆயிலும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாசனை... ஒரகடத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் முதலுதவி அறை அப்படித்தான் இருக்கும். ஆபரேட்டர்கள் வந்து உட்கார்ந்து போகிற பெஞ்சை எத்தனை தடவை துடைத்தாலும் பிசுக்கு போகாது.

எமர்ஜென்சி கேரில் பி.எஸ்சி. முடித்த கையோடு சேர்ந்தேன். மூன்று வருஷப் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். மண்ணூரில் எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பென்று புரியவில்லை. அம்மா கொஞ்ச நாள் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். அப்புறம் அலுத்துப்போய், "நர்ஸ் மாதிரிங்க" என்று முடித்துக்கொண்டார்.

கம்பெனியும் அம்மா மாதிரிதான். ஐடி கார்டில் 'மெடிக்கல் அட்டெண்டர்' என்று போட்டுக் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்த கிரேஸி அக்கா ஸ்டாஃப் நர்ஸ். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால், கீழே நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணையும் எழுதுவார். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் டாக்டருக்கு ரப்பர் ஸ்டாம்ப்பே உண்டு. எனக்கு எழுத எந்த எண்ணும் கிடையாது. வெறும் கையெழுத்து... அதையும் கொஞ்சம் பெரிசாகவே போடுவேன், கீழே காலியாக இருப்பது தெரியக் கூடாதென்று.

அங்கே என்னை ஒரு ஆளாக மதித்தவர் பாஸ்கர் அண்ணன். இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் லைனில் ஆபரேட்டர், வாலாஜாபாத் பக்கத்துக்காரர். பி.பி. பார்க்க வந்தால், "இன்னா டாக்டரம்மா, நான் உசுரோட கீறேனா?" என்பார். கிண்டல்தான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் காலை ஷிஃப்ட்... டீ டைம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அவரையே தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். வலது கை ஆள்காட்டி விரல் பிரஸ்ஸில் துண்டாகிவிட்டது. பின்னாலேயே சூப்பர்வைசர் அந்த விரலை ஒரு கர்ச்சீப்பில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்.

கிரேஸி அக்கா கையைப் பார்த்துக்கொண்டார். விரலை நான் வாங்கினேன். படித்ததெல்லாம் அப்படியே ஞாபகம் இருந்தது. சலைனில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும், அப்புறம் ஒட்டவைப்பது கஷ்டம். நான் துணியை நனைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் உள்ளே வந்துவிட்டார். அன்று அவர் வருகிற நாள். கேன்டீனிலிருந்து வந்திருந்த ஐஸ் பெட்டியைக் காட்டி, விரலை அப்படியே உள்ளே போடச் சொன்னார்.

"சார், டைரக்டா ஐஸ்ல வெக்கக் கூடாது சார்..."

"நீ என்னம்மா படிச்சிருக்கே?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நேரத்தை வீணாக்காதே என்றார், அவ்வளவுதான். நல்ல மனுஷர்தான்... காய்ச்சல், சர்க்கரை என்று போனால் பொறுமையாகப் பார்ப்பார். விரலை ஐஸில் போட்டேன். என் கையாலேயே போட்டேன்.

ஆம்புலன்ஸில் டாக்டர் ஏறவில்லை. அக்கா அறையை விட்டு வர முடியாது. முன்னால் டிரைவர், பின்னால் பாஸ்கர் அண்ணனும் நானும். பெட்டி என் மடியில். ஒரகடம் ஜங்ஷனில் கன்டெய்னர் லாரிகள் வழிவிடவே இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

என் பையில் துணி இருந்தது, சலைன் இருந்தது, கவர் இருந்தது. விரலை எடுத்துச் சுற்றி வைக்க இரண்டு நிமிஷம் போதும். தடுக்க யாருமில்லை. மூடியில் கை வைத்தேன்... கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். டாக்டர் சொன்னதை மாற்ற நான் யார் என்றிருந்தது. ஏதாவது ஆகிவிட்டால், அட்டெண்டர் திறந்து கெடுத்துவிட்டாள் என்பார்களே என்று பயந்தேன். கடைசிவரை திறக்கவில்லை.

அங்கே சர்ஜன் திறந்து பார்த்தபோது விரல் வெளுத்து விறைத்துக் கிடந்தது. யார் பேக் பண்ணியது என்று கேட்டார். கம்பெனி கொடுத்த சீட்டில் என் பெயர்தான் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த பாஸ்கர் அண்ணன், அந்த வலியிலும் தலையைத் தூக்கினார்.

"அந்தப் பொண்ணு அப்பவே சொல்லிச்சு சார். டாக்டருதான் கேக்கல."

விரல் ஒட்டவில்லை. நசுங்கியும் இருந்ததால், சரியாகக் கொண்டுவந்திருந்தாலும் ஒட்டியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் சர்ஜன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் மனதைத் தேற்றிப் பார்த்திருக்கிறேன். தேறவில்லை.

இப்போது மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். ஐடி கார்டில் 'பாராமெடிக்' என்று போட்டிருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கும் கவுன்சில், பதிவு என்று சட்டம் வந்துவிட்டது. இங்குள்ள டாக்டர், நீங்க என்ன நினைக்கிறீங்க என்று என்னைக் கேட்கிறார். முதல் தடவை கேட்டபோது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அன்றைக்கே இந்த மரியாதை இருந்திருந்தால் பெட்டியைத் திறந்திருப்பேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருக்கலாம். மரியாதை இல்லாததால் வாயை மூடிக்கொண்டது உண்மை. ஆனால் ஆம்புலன்ஸில் வாய்க்கு வேலையே இல்லையே... கைக்குத்தானே வேலை.

பாஸ்கர் அண்ணன் அதே கம்பெனியில் இப்போது ஸ்டோர்ஸில் இருக்கிறார். என்னை எங்கே பார்த்தாலும் கூட இருப்பவர்களிடம், "இவங்கதான்பா அன்னிக்கு கரெக்டா சொன்னவங்க. இவங்க பேச்ச கேட்டிருந்தா என் வெரலு இருந்திருக்கும்" என்பார். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். அந்த முக்கால் மணி நேரம் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

போன வாரம் அவரிடமிருந்து ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் வந்தது. ஏற்றுக்கொண்டேன். அவர் பார்ப்பார் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

பாஸ்கர் அண்ணா... படிச்சிட்டு ஒரு போன் பண்ணுங்க. திட்டுறதா இருந்தாலும் பரவால்ல.