சூடேறாத சில்லு

எங்கள் ஜீப் வாய்க்காலுக்குள் விழவில்லை. விழாமல் நின்ற அந்த இரண்டடித் தூரத்தைப் பற்றித்தான் நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மகள் ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளிநொச்சி நகரத்துக்குப் போகிற வாய்க்காலோரக் கிரவல் வீதியில், பற்றைக்குள்ளிருந்து ஒரு மாடு குறுக்கே வந்தது. சாரதிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அவள் பிரேக்கை ஒரே மூச்சில் மிதித்தாள். ஜீப் வேகம் குறைந்தது, ஆனால் நேராக நிற்கவில்லை. யாரோ மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல வலது பக்கம் திரும்பி, வீதியைக் கடந்து, வாய்க்கால் கட்டின் விளிம்பில் போய் நின்றது. மாடு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனது.

எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் அந்த ஜீப்பில் ஏறவில்லை. பாடசாலைக்கு பஸ்ஸில் போய்வந்தேன். இரைச்சலாக ஏதாவது வாகனம் வேகம் குறைத்தால், நடந்துகொண்டிருக்கும்போதும் என் வலது கால் நிலத்தை ஊன்றிக்கொள்ளும். யுத்த காலத்தில் எத்தனையோ சத்தங்களுக்குள்ளால் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் நான். ஒரு மாட்டுக்குப் போய் இப்படி நடுங்குகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் இரண்டு கட்சி உருவானது.

"பிள்ளை வெருண்டுபோய் ஸ்டியரிங்கை வெட்டிப்போட்டாள்" என்றார் என் கணவர். அவர் வயல் செய்கிறவர். இந்த ஜீப்பை, யுத்தம் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் வாங்கி, இன்றுவரை தானே கழற்றித் தானே பூட்டி ஓட்டுகிறவர்.

"நான் வெட்டேல்லை அப்பா. அது தானா இழுத்தது."

"எத்தினை வருசமா ஓடுறன்? எனக்கு ஒருநாளும் இழுக்கேல்லையே."

"உங்களுக்குப் பயந்து அது இழுக்காமல் விட்டிருக்கும்."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மகளுக்கு ஜெயபுரம் பக்கத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. கிராமம் கிராமமாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் போத்தல்களில் எடுத்து, பெட்டியில் அடுக்கி, பரிசோதனைக்குக் கொண்டுவருகிற வேலை. சொந்த வாகனம் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அங்கே உள்வீதிகளில் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் மணல். ஆகவே இந்த ஜீப்தான். அன்றிலிருந்து மூன்றாவது திங்கட்கிழமை தொடங்க வேண்டும். ஜீப் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போகும். ஜீப் இப்படியே இருந்தால் என் பிள்ளை தனியே அதை ஓட்டிக்கொண்டு போவாள். இரண்டில் எது கூடப் பயம் என்று எனக்கே தெரியவில்லை.

கராஜ்காரரைக் கேட்டோம். அறுவடைக் காலம். உழவு இயந்திரங்கள் வரிசையில் நின்றன. ஒரு மாதம் செல்லும் என்றார்.

நான் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், விஷயம் எனக்குச் சுவையாக இருந்தது. இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. ஒரே ஜீப், ஒரே வீதி. ஒருவருக்கு நேராக நிற்கிறது, மற்றவருக்கு வலது பக்கம் இழுக்கிறது. ஆய்வுகூடத்தில் இப்படி இரண்டு விடை வந்தால் பிள்ளைகளை நான் ஏசுவதில்லை. திரும்பச் செய்யுங்கோ என்பேன்.

திரும்பச் செய்வித்தேன். வெட்டு முடிந்த எங்கள் வயலுக்குப் பக்கத்துத் தரவை வெளியில் முதலில் அவரை ஓட்டச் சொன்னேன். நான் வெளியே நின்றேன். மெதுவாக வந்து பிரேக் பிடித்தார். நேராக நின்றது. இறங்கி, 'பார்த்தீரோ' என்பதுபோல் என்னைப் பார்த்தார். அடுத்ததாக மகள். அதே வேகம், அதே இடம். ஜீப் வலது பக்கம் மூக்கை நீட்டியது. ரயர்களின் காற்றைச் சரிபார்த்தோம். நான்கிலும் ஒரே அளவு. சில்லுகளை ரயரோடு இடம் மாற்றிப் பூட்டிப் பார்த்தோம். மகளுக்கு மட்டும் இழுத்தது.

அடுத்த நாள் மகளை நகரம் வரை போய், வழியில் அடிக்கடி பிரேக் பிடித்துக்கொண்டு திரும்பி வரச் சொன்னேன். வாசலில் வந்து நின்றதும் ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் குந்தியிருந்து, இடைவெளிக்குள்ளால் கையின் பின்புறத்தை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுபோனேன். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போலத்தான். முன்னிரண்டும் கிட்டப் போக விடவில்லை. பின்வலது சுட்டது. பின்இடது, நிழலில் கிடந்த சட்டிபோலக் குளிர்ந்திருந்தது.

பிரேக் என்பது உராய்வு. உராய்ந்தால் சூடேற வேண்டும். சூடேறாத சில்லு வேலை செய்யாத சில்லு. எனக்கு உடம்பு புல்லரித்தது. பயத்தால் அல்ல, கண்டுபிடித்த சந்தோசத்தால். பயம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது: இத்தனை வருடமும் நாங்கள் மூன்று சில்லுப் பிரேக்கில்தான் ஓடியிருக்கிறோம்.

சனிக்கிழமை நானும் மகளும் அதைக் கழற்றினோம். அவர் வரம்பு கட்டப் போயிருந்தார். ஜக்கை வைத்து உயர்த்தி, மரக்குற்றி முண்டு கொடுத்து, மற்றச் சில்லுகளுக்குக் கல் அடை வைத்தோம். டிரம் அசையவில்லை. சுற்றிவரத் தட்டித் தட்டி, மண்ணெண்ணெய் விட்டு, தேநீர் குடித்து, திரும்பத் தட்டி, மத்தியானத்துக்குக் கிட்ட அது 'டக்' என்று விட்டது. உள்ளே பிரேக் கட்டைகள் தேயாமல் புதிதுபோல் இருந்தன. அவற்றைத் தள்ளுகிற சிறிய சிலிண்டர் துருவேறி இறுகிப்போயிருந்தது. அதற்கு ஒயில் கொண்டுவருகிற குழாயின் மூட்டை மகள் ஸ்பனரால் தளர்த்தினாள். ஒயில் சொட்டியது. கூடவே ஏதோ ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

மிளகு அளவில் ஓர் உருக்கு உருண்டை. சைக்கிள் சில்லுக்குள் இருக்கிற போல்ஸ்.

"இது தானா உள்ளுக்குப் போயிருக்க ஏலாது" என்றாள் மகள்.

அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது கையை நீட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"உதோ?" என்றார். "உது நான் வைச்சது."

"என்னத்துக்கு அப்பா?"

"சிலிண்டர் ஒழுகினது. சாமான் எடுக்க இஞ்ச ஒரு கடையும் இருக்கேல்லை. ஒழுக்கை அடைக்காட்டி மற்ற மூண்டும் பிடிக்காதெல்லே. ஒரு கிழமைக்கு எண்டுதான் வைச்சனான்."

"எந்தக் கிழமை?" என்று கேட்டாள் மகள்.

அவருக்கு அது வெட்கப்படுகிற விஷயமாகவே தெரியவில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் வாகனம் ஓட்டிய எல்லோரும் செய்ததுதான். நாலு துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். தாங்கி ஓட்டையைச் சவர்க்காரத்தால் அடைத்தார்கள். பிரேக் ஒழுகினால் அந்தச் சில்லின் குழாய்க்கு ஒரு போல்ஸ். மூன்று சில்லு பிடித்தாலே காணும். இல்லாத சாமானுக்குக் காத்திருக்கிறவன் நடந்துதான் போக வேண்டும். அந்தக் காலம் முடிந்த பிறகும் அவருடைய கை அதே கையாகத்தான் இருந்தது.

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "பிள்ளை வாய்க்காலுக்குள்ள போயிருப்பாள்."

"நீர்தானே இதை வைச்ச அண்டைக்குக் காத்தெடுக்கப் பெடலை மிதிச்சனீர்" என்றார்.

மிதித்தேன்தான். நினைவு வந்தது. மா குழைத்துக்கொண்டிருந்தவளைக் குசினியிலிருந்து கூப்பிட்டார். கையில் மாவோடு ஏறியிருந்து, அவர் 'மிதியும்' என்றபோது மிதித்து, 'விடும்' என்றபோது விட்டுவிட்டு உள்ளே போனேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. காரணம் கேளுங்கோ என்று ஒவ்வொரு நாளும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். அதற்குமேல் அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்விக்கு இன்னும் விடை இல்லை. அவருக்கு ஏன் இழுக்கவில்லை?

"இஞ்சருங்கோ, ஒருக்கால் ஏறியிருங்கோ. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, ஓடுறதா நினையுங்கோ."

"என்ன, பள்ளிக்கூடமே?"

"ஓம். மாடு வருது, பிடியுங்கோ!"

அவருடைய கால் பெடலை மிதித்தது. அதே கணத்தில் இடது கை ஸ்டியரிங்கைக் கால்வாசி கீழே இழுத்தது. ஜீப் வலது பக்கம் இழுப்பதற்கு முன்பே கை அதை இடது பக்கம் திருப்பிவிட்டிருந்தது. மகள் கைதட்டினாள்.

"ஏன் ஸ்டியரிங்கைத் திருப்பினீங்கள்?"

கண்ணைத் திறந்தார். "நான் எங்க திருப்பினனான்?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. போல்ஸை அவர் மறந்தார், கை மறக்கவில்லை. அந்த ஜீப்பின் நான்காவது பிரேக் அவருடைய இடது கையாக இருந்திருக்கிறது. அவர் இறங்கி வேறொருவர் ஏறியவுடன் அந்தப் பாகம் கழன்றுவிடுகிறது. கோபம் இருந்தாலும், இதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருந்தது.

சிலிண்டரை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனேன். பழைய வாகனச் சாமான் கடைக்காரர் முல்லைத்தீவில் பிறந்து, புத்தளத்தில் அகதியாக வாழ்ந்து, வவுனியாவில் கடை போட்ட முஸ்லிம் பெரியவர். நான் கேட்காமலே அவர் சொன்ன வரலாறு இது. சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதக் கழட்டினது யாரு தங்கச்சி?"

"நானும் மகளும்."

"அப்ப குழாய்க்குள்ள என்ன இருந்திச்சு?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மேசைக்கடியிலிருந்து ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்துக் கடதாசியில் கொட்டினார். போல்ஸ்கள், அரிந்த ஆணித் தலைகள், உருட்டித் தட்டிய ஈயம், குழாய் வாய்க்கு அளவாக வெட்டிய ஒரு சதக்குற்றி நாணயம்.

"வன்னிக்குள்ள இருந்து வாற பழைய வண்டியக் கழட்டினா ஒண்டாவது வரும். வச்சவன் ஒருத்தனும் திருப்பி எடுத்ததில்ல. பிறகு ஓடுறவன்தான் கண்டுபிடிக்கிறான். இன்னா, ரெண்டு பக்கத்துக்கும் புதுசு போடுங்கோ. ஒரு பக்கம் மட்டும் போட்டா மத்தப் பக்கம் கோவிக்கும்."

எங்களுடையதையும் கேட்டார். பேணிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

புதியவற்றைப் பூட்டினோம். இந்த முறை கணவரும் கூட நின்றார். குழாய்க்குள் இருந்த காற்றை எடுக்க வேண்டும். மகள் பெடலில். நான் சில்லுக்குக் கீழே, ஒயில் விட்ட போத்தலுக்குள் சிறு ரியூப்பை வைத்துக்கொண்டு. "மிதி… பிடிச்சுக்கொள்… விடு." ஒவ்வொரு மிதிக்கும் குமிழிகள் வந்தன. முதலில் கொத்தாக, பிறகு ஒன்றிரண்டாக, கடைசியில் வெறும் ஒயில். குமிழி நின்ற பிறகும் பத்துத் தரம் மிதிக்கச் சொன்னேன்.

"அம்மா, என்ர கால் கழண்டிடும்."

"அதையும் பூட்டலாம், மிதி."

தரவையில் முதல் ஓட்டம் அவர் ஓடினார். அது அவருடைய ஜீப் என்பதால் நாங்கள் மறுக்கவில்லை. பிரேக் பிடித்தார். ஜீப் இடது பக்கம் வெட்டி, வரம்பில் ஏறி நின்றது.

"அப்பா, உங்களுக்கும் இழுக்குதோ?"

இறங்கினார். சில்லைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். மகளிடம் ஜீப்பின் திறப்பை நீட்டினார். "நான் இனித் திரும்பப் பழக வேணும் போல."

"எல் போர்ட் கட்டிவிடுறன்."

அவள் பத்துத் தரம் ஓடிப் பத்துத் தரமும் நேராக நிறுத்தினாள். நான் வெளியே நின்று எண்ணினேன். உள்ளே ஏறு என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

வேலை தொடங்குகிற திங்கட்கிழமை காலை நானே ஏறினேன். பாடசாலைக்கு லீவு போட்டிருந்தேன். ஜெயபுரம் வரை கூடப் போய், அவள் வேலை முடியும் வரை அங்கேயே இருந்து, கூடவே திரும்புவது என்பது என் திட்டம். மகள் என் சாப்பாட்டுப் பெட்டியைத் தண்ணீர்ப் போத்தல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எங்கள் சந்திக்குக் கிட்ட, ஒழுங்கைக்குள்ளிருந்து நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று பார்க்காமல் வீதிக்கு ஏறியது. மகள் மிதித்தாள். நானும் மிதித்தேன், என் பக்கத்தில் பெடல் இல்லாவிட்டாலும். ஜீப் நேராக, வீதியின் எங்கள் பாதியிலேயே, மூட்டைகளுக்கு ஓர் ஆள் நீளத் தூரத்தில் நின்றது. உழவு இயந்திரக்காரர் கையை உயர்த்திவிட்டுப் போனார். மகள் அவருக்கு ஏதோ ஏச்சு ஏசினாள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் வலது கால் இன்னும் தட்டை ஊன்றியபடிதான் இருந்தது. ஆனாலும் கண்ணாடிக்குள்ளால் வீதியைப் பார்த்தேன். நாங்கள் நின்ற விதத்தில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை.

"சந்தியில இறக்கிவிடு" என்றேன்.

"ஏன், ஜெயபுரம் வரேல்லையே?"

"லீவை வெட்டிப்போட்டுப் போறன். பத்தாம் வகுப்புக்கு இண்டைக்கு உராய்வு."

இறங்கிச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அவள் கியரைப் போட்டாள். மெதுவாகப் போ என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் போய்விட்டாள்.