அரை போடாத ஏகாம்பரம்

போன வாரம் என் மகள் மடிக்கணினியைப் பார்த்து எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். "முழு எண் அனுப்பிட்டேனாம்பா, வாங்கமாட்டேங்குது. சும்மா கத்துது." திரையில் சிவப்பாக ஒரு வரி. அட பாவி, அது அன்றைக்கே கத்தியிருக்கக் கூடாதா!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு செய்கிற ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என் வேலை. கூலண்ட் எண்ணெய் நாற்றம் சோற்று டப்பாவுக்குள்ளும் புகுந்துவிடும். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியியல் மொழி இருந்தது. கெட்டிக்கார மொழிதான், ஆனால் சுத்த ஆமை. ஆகவே கணக்கை மட்டும் ஃபோர்ட்ரான் என்ற வேகமான மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் நேராக ஓட்டும்படி மாற்றி, அந்த மொழியிலிருந்து கூப்பிட வைத்தேன். அரைமணி வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கம்பைல் செய்த அந்தப் பகுதி, வந்தது முழு எண்ணா தசம எண்ணா என்று பார்க்காது. எது வந்தாலும் தசமம் என்றே படித்துவிட்டுப் பதில் சொல்லும்.

ஷாஃப்ட் குறித்த அளவைவிட எத்தனை மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடுதல் என்பதை மட்டும் தாளில் எழுதுவது பட்டறை வழக்கம். எட்டுக்குக் கீழே போனால் கழிவு. எல்லோரும் பன்னிரண்டரை, பதினொன்றரை என்று எழுதுவார்கள். கிரைண்டிங் மெஷினில் இருந்த கள்ளிக்குப்பம் ஏகாம்பரம் மட்டும் அரையே போடமாட்டார். "அரை இன்னா சார் அரை? மீட்டர் முள்ளு எந்தக் கோட்டாண்ட கீதோ அத்த எழுதறேன்" என்பார்.

அந்த மாதம் அவர் வேலை நிரந்தரமாக வேண்டியது. என் கம்ப்யூட்டரோ அவருடைய ஷாஃப்ட் அத்தனையும் மெலிசு என்றது. மேனேஜர் அவரை நிறுத்திவிட்டார். ஏகாம்பரம் நேராக என்னிடம் வந்தார்.

"ஒரு தபா வந்து அளந்து பாரு சார். என் மெஷினு இங்கருந்து நாப்பது அடி கூட கெடியாது."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது ஏகாம்பரம்" என்றேன். பெரிய மேதாவி நான்!

மூன்று வாரம் கழித்து, வேறெதற்கோ அந்தப் பகுதி உள்ளே படித்துக்கொள்ளும் எண்களை அச்சடித்துப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் வரிசை முழுக்க கிட்டத்தட்ட சைபர். அவர் தாளில் ஒரு அரைகூட இல்லாததால் அந்த மொழி அவற்றை முழு எண்ணாகவே வைத்திருக்கிறது. நான் தசமமாக மாற்றாமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் முழு எண்ணைப் பதிந்துவைக்கும் விதமே வேறு; அதைத் தசமமாகப் படித்தால் பன்னிரண்டும் சைபரை ஒட்டிப் போய்விடும். ஒரு எச்சரிக்கை வரவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. கழிவுப் பெட்டிக்கு ஓடி அவர் ஷாஃப்டுகளை அளந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு. ஒன்றுகூடப் பழுதில்லை.

"ஆளக் கூட்டிட்டு வாய்யா" என்றார் மேனேஜர். சைக்கிளில் பறந்தேன். வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "ஊட்ட காலி பண்ணிகினு போய்ட்டாங்க சார். வேல பூட்ச்சாம்ல."

எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?" என்றாள் மகள். ஒன்றுமில்லை என்றேன். பட்டறையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். என் நாற்காலிக்கும் ஏகாம்பரத்தின் மெஷினுக்கும் நடுவே இருந்த அந்த நாற்பது அடியில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.