துவைத்துத் தைத்த போர்வை

எங்கள் பட்டறையில் அவளுக்குக் காலிஞ்சு என்று பெயர். திரைச்சீலை தைக்கும் பட்டறை. அவள் மிஷினில், நான் அயர்ன் மேசையில். எதைத் தைத்தாலும் ஓரத்திலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளித்தான் அவளுக்குத் தையல் ஓட வேண்டும். திரைச்சீலைக்கு இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? சூப்பர்வைசர் பார்ப்பதில்லை, வாங்குகிறவர்களும் பார்ப்பதில்லை.

"அரை இஞ்ச் போனா உலகம் முழுகிடுமா?" என்று கேட்டால், "திரைக்கு ஒண்ணும் ஆகாது. போர்வைன்னா முழுகிடும்" என்பாள்.

போர்வை என்று அவள் சொன்னது துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பதை. ஒவ்வொரு இணைப்பிலும் நூலளவு பிசகினால் போதும், கடைசி வரிசையில் கட்டம் கட்டத்தோடு சேராமல் பல்லிளிக்கும். பட்டறையில் மிஞ்சுகிற வெட்டுத் துணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். வீடு என்பது மாடியில் ஒரே ஓர் அறை. கட்டில்தான் துணி வெட்டும் மேசை, கட்டில்தான் சாப்பாட்டு மேசை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, சத்தமில்லாமல் முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கிளறியதில்லை.

அவளுக்கென்று இருந்தது இரண்டு தெரு தள்ளி இருந்த அக்காவும் அக்கா மகனும். அக்காவுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். சித்தி சித்தி என்று இவள் காலையே சுற்றுவான். அவன்தான் இவளைப் போனில் போர்வை தைக்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்த்துவிட்டவன். "இங்க பாரு சித்தி, உலகத்துல உன்னை மாதிரி பைத்தியங்க எவ்வளவு பேர் இருக்காங்கன்னு."

குழுவின் பெயர் 'முடிச்சாச்சு'. பெயரே சட்டம். தைத்து முடித்த போர்வையின் படத்தை மட்டும்தான் போட வேண்டும். சந்தேகம் கேட்கலாம், ஆனால் அரைகுறைப் படம் கூடாது. அதோடு பின்பக்கப் படமும் கட்டாயம் வேண்டும். முன்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் ஊரை ஏமாற்றலாம், பின்பக்கத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும் என்பது குழுத் தலைவியின் கொள்கை. தலைவி ஒரு பல் டாக்டர். பல்லைப் பார்க்கிற கண்ணாலேயே தையலையும் பார்ப்பார் போலிருக்கிறது. ஒருத்தி படம் போட, மற்றவர்கள் ஓடி வந்து சிவப்பு இதயங்களைக் கொட்டுவார்கள். என்னையும் காலிஞ்சு அதில் இழுத்துப் போட்டிருந்தாள். நான் ஒன்றும் தைக்கிறவள் இல்லை. வேடிக்கை பார்ப்பேன். இத்தனை இதயத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இவளுடைய படத்துக்குத் தலைவி 'பின்பக்கம் அற்புதம்' என்று எழுதிய அன்று இவள் பட்டறையில் யாருக்கும் இல்லாத நடை நடந்தாள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்கா மகன் ஒரு காய்ச்சலில் போனான். படுத்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. கல்லை முழுங்கினாலும் செரிக்கிற வயது. நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அக்காக்காரி படுக்கவே இல்லை. வாசல் கதவைப் பார்த்தபடி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள்தான். அதிலேயே தூங்குவாள், அதிலேயே விழிப்பாள். பேச்சு நின்றுபோனது. கால் இரண்டும் வீங்கிவிட்டன. இப்படியே இருந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலிஞ்சு கெஞ்சினாள், திட்டினாள், பாயை விரித்துத் தானும் பக்கத்தில் படுத்துக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவும் போய்விடுவாளோ என்ற பயம் இவளைப் பிடித்து ஆட்டியது. மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகும். கால் இஞ்சைப் பற்றி இவள் கவலைப்படாமல் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஒருநாள் அக்காவின் காலடியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். "அவன் சட்டையெல்லாம் குடுக்கா. போர்வையா தைச்சுத் தரேன். போத்திக்கிட்டுப் படுத்தா அவன் பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கும்."

அக்கா எழுந்து போய் அலமாரிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து இவள் மடியில் வைத்தாளாம். வாய் இறுக்கி முடிச்சுப் போட்ட பை. நாற்காலியை விட்டு அக்கா தானாக எழுந்ததே இவளுக்குப் பெரிய விஷயம்.

வீட்டில் வந்து பிரித்தால், உள்ளே அவன் கடைசியாகப் போட்டுக் கழற்றிய சட்டைகள். கழுத்துப் பட்டையில் அழுக்கு, கையில் கிரீஸ், முதுகில் வேர்வை காய்ந்த வெள்ளைக் கோடு. "பாவம்டி எங்கக்கா. துவைக்கக்கூட தெம்பில்லாம அப்படியே அள்ளிப் போட்டு வச்சிருக்கா" என்று மறுநாள் என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போர்வை தைக்கிறவர்கள் துணியைத் துவைக்காமல் கத்திரியில் கை வைக்க மாட்டார்கள். அது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. துவைக்காமல் தைத்தால் ஒரு துணி சுருங்கும், ஒன்று சாயம் விடும், போர்வை பாழ். குழுவில் புதிதாகச் சேருகிற யாருக்கும் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். இவள் குழுவில் கேட்டாள்: பழைய சட்டையில் கிரீஸ் கறை, துணி நையாமல் எப்படி எடுப்பது? உதவிக்குக் கேட்கவா வேண்டும்! முகம் தெரியாத பெண்களெல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். பவுடரைத் தூவி வைத்தால் எண்ணெயை உறிஞ்சிவிடும் என்றாள் ஒருத்தி. பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தடவி ஊறவை என்றாள் இன்னொருத்தி. வெந்நீரில் சலவைச் சோடா, கழுத்துப் பட்டைக்குப் பழைய பல் பிரஷ். கடைசி அலசலில் வாசனைத் திரவம் ஒரு மூடி ஊற்றுங்கள், துணி பூ மாதிரி இருக்கும் என்று தலைவியே எழுதினார். எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

அத்தனையும் செய்தாள். கறை போகிறவரைக்கும் விடவில்லை. அப்புறம் தைத்தாள். அந்தப் போர்வையில் அவளுடைய உயிரே இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. சட்டைப் பையை மட்டும் பிரிக்காமல் அப்படியே நடுக் கட்டத்தில் வைத்திருந்தாள், அக்கா கை நுழைத்துக்கொள்ளலாம் என்று. கோடும் கட்டமுமாக நீலம், சாம்பல், வெளுத்த பச்சை. ஓரப் பட்டி சுற்றி முடித்ததும் படம் எடுத்தாள். முன்பக்கம், பின்பக்கம். 'என் அக்கா மகனின் சட்டைகள். அக்காவுக்காக. முடிச்சாச்சு' என்று எழுதிப் போட்டாள்.

குழு அழுது தீர்த்துவிட்டது. இதயங்கள் வந்தபடியே இருந்தன. தலைவி அந்தப் படத்தைத் தூக்கிக் குழுவின் முகப்பிலேயே வைத்தார். 'கிரீஸ் கறை துளிகூடத் தெரியலையே! கைக்குத் தங்க வளையல் போடணும்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டி வந்தாள். நானும் போயிருந்தேன். கட்டிலில் போர்வை விரித்திருந்தது. அக்கா கிட்டே போனாள். கையால் தடவிப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். அழட்டும், நல்லா அழட்டும் என்று நான் நினைத்தேன். காலிஞ்சு என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

அக்கா தலையைத் தூக்கி வேறொரு கட்டத்தில் முகத்தை வைத்தாள். அப்புறம் இன்னொன்றில். சட்டைப் பையை விரலால் விலக்கி மூக்கை உள்ளே வைத்தாள். போர்வையைப் புரட்டிப் பின்பக்கத்தையும் மோந்து பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

"துவைச்சியா?" என்று கேட்டாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"துவைக்காம எப்படிக்கா தைக்கிறது?"

"நான் துவைக்காம வச்சிருந்தேன்டி."

சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலிஞ்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேற ஏதாவது இருக்குமாக்கா... அவன் தலகாணி... துண்டு..."

"எல்லாரும் வந்து வீட்டைக் கழுவினீங்களே, அன்னைக்கே எல்லாம் போச்சு. இதை மட்டும்தான் ஒளிச்சு வச்சேன்."

கட்டில் மேல் கிடந்த போன் டிங் டிங் என்று இதயங்களாக அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துச் சன்னல் வழியாக வீசலாம் போலிருந்தது எனக்கு. அக்கா போர்வையை ஒழுங்காக நான்காக மடித்து வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகவே படியிறங்கிப் போனாள்.

முகப்பிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொல்லிக் காலிஞ்சு தலைவிக்கு எழுதினாள். 'உங்க அடக்கம்தான் உங்க அழகு' என்று பதில் வந்தது. பிறகு குழுவிலேயே எழுதினாள்: 'செத்தவங்க துணியைத் துவைக்கிறதுக்கு முன்னாடி, குடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கல.' அதற்கும் இதயம் கொட்டினார்கள். 'பயனுள்ள குறிப்பு, நன்றி தோழி.' எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. உங்களுக்கெல்லாம் மூக்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று நான் எழுதினேன். அன்றைக்கே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். நஷ்டமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. காலிஞ்சும் கெட்டவள் இல்லை. கெட்டவர்கள் ஒருத்தராவது இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

காலிஞ்சு அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. போவாள், சமைத்து வைப்பாள், வீங்கின காலுக்கு மருந்து தடவிவிட்டு வருவாள். அக்கா இரண்டொரு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தாள், போர்வையைப் பற்றி மட்டும் பேசவில்லை. நாற்காலியும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. போர்வை இவளுடைய கட்டில் ஓரத்தில் கிடந்தது. இவள் அதைப் போர்த்துவதுமில்லை, எடுத்து உள்ளே வைப்பதுமில்லை. புதிதாக எதுவும் தைக்கவும் இல்லை. பட்டறையில் வெட்டுத் துணியைக் குப்பையோடு அள்ளிக்கொண்டு போனார்கள், இவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

குளிர் தொடங்கிய ஒருநாள், வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அக்காடி! அந்தப் போர்வையைக் கொண்டான்னு சொல்றா. அவளாவே கேக்குறா!" அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். அவளுடைய மிஷினை நானே மூடி வைத்தேன். சரி, ஒரு வழியாக மனசு இறங்கிவிட்டது, இன்றைக்காவது அந்த அம்மா படுப்பாள் என்று எனக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

மறுநாள் வந்து மிஷினில் உட்கார்ந்தாள். நானாகத்தான் கேட்டேன்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னா?"

"நல்லா கதகதப்பா இருக்குடின்னா."

"அப்புறம் என்ன? படுத்தாளா?"

அவள் துணியை ஊசிக்கு அடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"இல்லடி. நாற்காலில உக்காந்தபடியே காலுக்கு மட்டும் போட்டுக்கிட்டா. மூஞ்சிகிட்ட கொண்டுபோகல. முட்டிக்கு மேல ஏத்தவே இல்ல."